சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள்

அன்று காலை என் மனைவி கமலத்தின் வலது கையால் டிபன் கேரியரின் பிடியை அழுத்திப் பூட்ட முடியவில்லை. "இதுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று கேரியரைத்தான் திட்டினாள். சாப்பாட்டை அனுப்ப மனமில்லையா என்று கிண்டல் செய்தேன். சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது.

அறுபதுகளின் நடுவில், அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். பிள்ளைகள் இல்லை. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் நான் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜட்கா பிடித்து, பாலம் தாண்டி, திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளுடைய வலது பக்கம் முழுதும் தொய்ந்துவிட்டது.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபட்டு, உடலின் ஒரு பக்கம் செயலற்றுப் போவது) என்றார் டாக்டர். பேச்சும் போயிருந்தது. நாம் சொல்வது புரியும், பதில்தான் வாய்க்கு வராது என்று விளக்கினார். சில வாரங்கள் கழித்து என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுப்பா. இனிமே மருந்தை விடக் கவனிப்புதான் முக்கியம். அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லேன்னா படுக்கைப்புண் வந்துரும். வந்து, சீழ் பிடிச்சுதுன்னா அதுவே ஆளைக் கொண்டுபோயிரும். வீட்ல பொம்பளைங்க யார் இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க."

"அக்கம்பக்கத்துல கேட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

படுக்கைப்புண் என்பது ஒரே பக்கமாகக் கிடப்பதால் தோல் நசுங்கி, உள்ளே அழுகும் புண். நான் பட்டறைக்குப் போகாமல் தீராது. போனால் மாலை வரை அவள் கிடந்தபடியே கிடப்பாள். இடுப்பில் சிவப்பாக ஒரு தடம் விழுந்தது. சில நாட்களில் அது வாய் திறந்தது.

அக்கம்பக்கத்தார் வராமல் இல்லை. சாத்துக்குடியும் ரசமும் கொண்டுவந்தார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தடவினார்கள். பிறகு எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேசாமல் வாசலைத் தாண்டிப் போனார்கள்.

எனக்கு முதலில் உறைக்கவில்லை. கமலத்தின் கண்தான் காட்டிக் கொடுத்தது. யார் எழுந்தாலும் அது வாசல் வரை அவர்கள் பின்னால் போய், அங்கேயே எதையோ எதிர்பார்த்து நின்றது. ஒருவரும் "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள்.

அதன்பிறகு என் வீட்டுக்குள் நுழையவே எனக்குப் பயமாக இருந்தது. வாசற்படியில் நின்று அவள் மூச்சு கேட்கிறதா என்று கவனிப்பேன். கேட்டாலும் நம்ப மாட்டேன். பிணத்தை எடுத்துப்போன வீட்டில் நான் மட்டும் விவரம் தெரியாமல் உலவுவதாகத் தோன்றும். காலையில் கிளம்பும்போது மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரி "போயிட்டு வரேன் கமலம்" என்று கத்துவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் அக்கா அதேபோல் எழுந்தார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அவ உயிரோடதான் இருக்கா, அக்கா. போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிச்சிருமா?"

அவர் முகம் வெளுத்தது. "ஐயையோ, அப்படி நினைச்சு இல்ல தம்பி" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "சொன்னா வரணும்ல? வந்து என்ன செய்யறதுன்னு தெரியல. பார்த்துட்டுப் பார்த்துட்டுப் போறது எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. நீங்களும் வாயைத் திறந்து எதுவும் கேக்க மாட்டேங்குறீங்க."

அவரை உள்ளே அழைத்துப்போய்ப் புண்ணைக் காட்டினேன். தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து எப்படிப் புரட்டுவது, முதுகுக்கு எங்கே தலையணை முட்டுக் கொடுப்பது என்று செய்து காட்டினேன். மத்தியானத்தில் மட்டும் இதைச் செய்தால் போதும் என்றேன். அவர் ஒருமுறை தானே செய்து பார்த்தார். வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் கட்டிலைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்குச் சோறு வடிச்சிட்டு வரேன், கமலம்."

கமலம் இடது கையை மெல்லத் தூக்கினாள். நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன்.

அவர் வந்தார். அவர் வருவதைப் பார்த்து எதிர்வீட்டுப் பெண் கமலத்துக்குத் தலை பின்ன வந்தாள். புண் மெதுவாக ஆறியது. கமலம் சாய்ந்து உட்காரவும், காலை இழுத்து வாசல் வரை நடக்கவும் தேறினாள். இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பார்க்க வருகிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, திகைத்துப் போனவர்கள். கையோடு ஒரு வேலையைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்த ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், பக்கவாதம் மறுபடி வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் முடிந்து பெண்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினார்கள். இந்தத் தடவை அது சரியான முறைதான். செல்லம்மாள் அக்கா வாசலுக்குப் போனார், பழக்கத்தில் திரும்பினார், வெறுங்கட்டிலைப் பார்த்து, "போயிட்டு வரேன், கமலம்" என்றார்.

வெளியே நின்றவர்கள் அதிர்ந்துபோனார்கள். ஒருத்தி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். தான் சொன்னது உறைத்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதார். "போயிட்டு வாங்க அக்கா" என்றேன் நான்.

மறுநாள் சோறு வடிக்கிற நேரத்துக்கு அவர் வந்தார். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, சாப்பிடும் வரை உட்கார்ந்திருந்தார்.

இப்போதும் என் உடம்புக்கு மத்தியானம் என்றால் அவளைப் புரட்டுகிற நேரம்தான். லேத்தின் மேல் இருக்கும் கைகள் தாமாக ஒரு தோளையும் இடுப்பையும் தேடுகின்றன. பாயில் ஒரு ஓரமாகத்தான் தூங்குகிறேன். காலையில் வீட்டைப் பூட்டுமுன் உள்ளே பார்த்து, "போயிட்டு வரேன்" என்று சொல்கிறேன். சொல்லிவிட்டதால், மாலையில் எங்கும் போய்விடாமல் திரும்பி வருகிறேன்.