காட்டு வாசலில் ஒரு கொப்பு

சனிக்கிழமை, காலை ஆறரை மணி. லாசாலில் எங்கள் அடுக்குமாடி வாசலில் இருந்து கார் புறப்பட்டது. ஓட்டியது நான். கணவர் பல்கனியில் நின்றபடி, "கவனம், மான் குறுக்கை வரும்!" என்று கத்தினார். இருபது வருடங்களுக்கு மேலாக மொன்றியலில் கார் ஓட்டுகிறேன். இதுவரை எனக்குக் குறுக்கே வந்தவை சைக்கிள்களும், வீதி திருத்த வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்புகளும்தான்.

ஏழு மணிக்கு கர்க்லாண்டில் மங்கையை ஏற்றினேன். மங்கை மட்டக்களப்புக்காரி, நான் யாழ்ப்பாணம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பிரெஞ்சு வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தோம். அன்று தொடங்கிய சிநேகம். நான் ஒரு கார்டெறியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிறேன். அவள் மருந்துக் குளிசைகளைப் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறாள். பிரெஞ்சில் இன்றுவரை என்னைவிட அவள்தான் கெட்டிக்காரி. ஒரு பையில் உடுப்பும் இரண்டு பையில் சாப்பாடுமாக வந்து நின்றாள்.

"இரண்டு நாளைக்கு இவ்வளவு சாப்பாடோ?" என்றேன்.

"மலை எண்டா பசிக்கும்கா," என்றாள். அதற்குமேல் வாதாட முடியவில்லை. மீன் ரோல்ஸ் வாசம் ஏற்கெனவே காரை நிறைத்துவிட்டது.

நாங்கள் போனது மொன் திரம்பிளானுக்கு. மொன்றியலில் இருந்து வடக்கே ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீற்றர். பதினைந்தாம் இலக்க நெடுஞ்சாலையில் போய், பிறகு நூற்றுப் பதினேழைப் பிடிக்க வேண்டும். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்குப் பேர்போன இடம். செப்டெம்பர் கடைசியில் இலைகள் நிறம் மாறும்போது, நடக்கவும் ஏரி பார்க்கவும் சனம் குவியும்.

இந்தப் பயணத்தைத் திட்டமிட்டது மங்கை என்பதுதான் எனக்கு அதிசயம். மொன்றியலின் நடுவில் இருக்கும் மலைக்கு நாங்கள் பிக்னிக் போகும்போதெல்லாம், அவள் கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துப் புல்லில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவாள். மரங்களுக்குள் போகும் பாதையில் ஒரு அடி வைக்கமாட்டாள். சோம்பல் என்று எல்லோரும் பகிடி பண்ணுவோம். அவளும் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்வாள்.

சென் ஜெரோம் தாண்டி, தூரத்தில் மலைகள் தெரியத் தொடங்கியபோது விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, மகளுக்கு வேலை கிடைச்சிரிக்கு. காட்டில."

மகள் படித்தது வனவியல். வேலை வடக்கே அபித்திபியில். கூடாரமடித்து வாரக்கணக்கில் தங்கி மரங்களை அளக்க வேண்டுமாம். இன்னும் மூன்று வாரத்தில் புறப்படுகிறாள்.

"நல்ல விசயம்தானே?"

"நல்ல விசயம்தான். ஆனா அவள் சொன்ன நாள் தொட்டு எனக்கு நித்திரை இல்ல. போகாத எண்டு சொல்ல ஏலாது. போ எண்டு சொல்லவும் வாய் வருகுதில்ல. நான் ஒருக்கா காட்டுக்குள்ள போய்த் திரும்பி வரணும்கா. அப்பதான் அவளச் சிரிச்ச முகத்தோட அனுப்பலாம்."

காட்டில் என்ன பயம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஆட்களிடம் சில கேள்விகளைக் கேட்பதில்லை. சொல்ல வேண்டிய நேரம் வந்தால் அவர்களே சொல்வார்கள்.

ஒன்பதரை மணிக்குத் திரம்பிளான். காரைக் கீழே விட்டுவிட்டு, கம்பியில் தொங்கும் சிறிய பெட்டி ஒன்றில் ஏறினோம். நின்றபடியே போக வேண்டும், காசு இல்லை. இலவசம் என்றதும் மங்கை இரண்டு தரம் ஏறி இறங்கினாள். கீழே சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கூரைகள், கல் பதித்த தெருக்கள், தெருவில் ஒரு வாகனம் இல்லை. யாரோ பிறந்தநாள் கேக்கை வெட்ட மனமில்லாமல் அப்படியே வைத்துவிட்ட மாதிரி ஊர். இரண்டு கோப்பி பதினொரு டொலர். அந்த விலைக்கு மரியாதையாக, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு ஏரியோரம் நடந்தோம். திரம்பிளான் ஏரி நீளமானது. மறுகரை மலை முழுவதும் தலைகீழாகத் தண்ணீருக்குள் கிடந்தது. சிவப்பு, செம்மஞ்சள், இடையிடையே பைன் மரங்களின் கரும்பச்சை. இப்படி ஒரு காட்சியை இரண்டு மணி நேரக் கார் ஓட்டத்தில் வைத்துக்கொண்டு, இவ்வளவு காலமும் சனிக்கிழமைகளில் மரக்கறிக் கடையில் வரிசையில் நின்றிருக்கிறேன். கண்ணுக்கும் காலுக்கும் இன்னும் பலம் இருக்கும்போதே வந்து சேர்ந்தேனே என்று மனதுக்குள் நன்றி சொன்னேன்.

பாதை கரையை விட்டு விலகி மரங்களுக்குள் திரும்பும் இடத்தில் மங்கை நின்றுவிட்டாள். முகம் வியர்த்திருந்தது. பன்னிரண்டு பாகைக் குளிரில் வியர்வை.

"நாளைக்குப் பாப்பம்கா," என்றாள். திரும்பி வந்தோம்.

மாலை ஆறு மணி. பழைய கிராமப் பக்கத்தில் ஒரு சிறிய விடுதியில் அறை எடுத்திருந்தோம். விடுதிக்காரி எங்கள் வயதுப் பெண். சமையலறையைப் பாவிக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக விட்டுத் தந்ததோடு, மங்கையின் புட்டையும் இறால் குழம்பையும் ஒரு கோப்பையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கண்ணில் நீர் வழிய "இன்னும் கொஞ்சம்" என்று நீட்டினாள். மறுநாளுக்கு ஒரு பாதையும் சொன்னாள். நீரோடையை ஒட்டி ஏறி, மூன்று கிலோமீற்றரில் ஒரு பாறை விளிம்புக்குப் போகும். அங்கிருந்து ஏரி முழுவதும் தெரியும். போக ஒரு வழி, வரவும் அதே வழி. தவற வாய்ப்பில்லை.

அவள் போனபின் மங்கை தானாகவே சொன்னாள்.

"எனக்கு மூத்த அண்ணன் ஒருத்தர். சண்டைக் காலம். விறகுக்குக் காட்டுக்குப் போறவர். எங்கட பக்கத்தில காட்டுக்குள்ள போக முதல், வாசல்ல நிக்கிற மரத்தில ஒரு கொப்பு முறிச்சுத் தொங்க விடுவாங்க. பிள்ளையாருக்கு. நான் உள்ள போறன், பாத்துக்க எண்டு. அண்ணனும் அண்டைக்குத் தொங்க விட்டவர். ஆள் வரல்ல. மூணு நாளைக்குப் பிறகு ஊராக்கள் தேடிப் போனாங்க. கொப்பு வாடிப் போய் அப்பிடியே தொங்குது. அண்ணன் இல்ல."

எழுந்து தேத்தண்ணிக்குத் தண்ணீர் சுட வைத்தேன்.

"கொப்பு பொய் சொல்லல்லகா. உள்ள போனார் எண்டு சொல்லிச்சு. வந்திட்டாரா எண்டு பாக்கத்தான் அங்க ஒருத்தரும் நிக்கல்ல. பயம். எல்லாரும் கதவப் பூட்டிக்கிட்டு இருந்த காலம்."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள். அதற்குப் பிறகு மகளின் குளிர் சப்பாத்து பற்றிக் கதைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை. பாதையின் தொடக்கத்தில் ஒரு வரைபடப் பலகை, ஒரு மரவாங்கு, பக்கத்தில் தாழ்ந்த கிளையோடு ஒரு மேப்பிள் மரம். மங்கை அந்தக் கிளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை உயர்த்தி ஒரு கொப்பைப் பிடித்தாள்.

"ஐயோ, முறியாதையும்!" என்றேன். "இஞ்சை மரத்திலை கை வைச்சால் தண்டம் அடிப்பாங்கள்."

யோசித்தாள். கீழே காற்றுக்கு விழுந்து கிடந்த கொப்பு ஒன்றைப் பொறுக்கினாள். நாலைந்து சிவப்பு இலைகள் அதில் இருந்தன. "இந்த நாட்டுப் பிள்ளையாருக்குச் சட்டம் தெரியும்தானே," என்று சொல்லி, கிளையின் கவட்டில் தொங்கவிட்டாள். எனக்கும் ஒன்று எடுத்துத் தந்தாள். சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று எனக்குக் குழப்பம். கழற்றாமலேயே மாட்டிவிட்டுக் கும்பிட்டேன்.

அந்த நேரம் ஒரு தாயும் இரண்டு சிறுமிகளும் வந்தார்கள். "போன்ஜூர்! என்ன செய்கிறீர்கள்?" என்று மூத்த சிறுமி கேட்டாள். மங்கை அழகான பிரெஞ்சில் விளக்கினாள்: காட்டுக்குள் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கம். அவ்வளவுதான் சொன்னாள். சிறுமிகள் இருவரும் ஓடிப்போய் ஆளுக்கொரு கொப்பு பொறுக்கி வந்து மாட்டினார்கள். பின்னால் ஒரு கிழவர், கறுத்த நாயோடு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவர், "எனக்கும் ஒன்று. நாய்க்கும் சேர்த்து," என்று தானும் ஒன்றை மாட்டினார்.

மங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனோம்.

முதல் அரை மணி நேரம் அவள் என் கையை விடவில்லை. சருகு சரசரத்தால் நின்றாள். அணில் ஓடினாலும் நின்றாள். நானும் நின்றேன். எனக்கும் மூச்சு வாங்கியது. பயத்தால் அல்ல, மீன் ரோல்ஸால். ஓடை எங்களுக்குப் பக்கத்திலேயே சளசளத்துக்கொண்டு வந்தது. கிழவரும் நாயும் எங்களை முந்திப் போனார்கள். சிறுமிகள் பின்னால் பாட்டுப் பாடினார்கள். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க, மங்கையின் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது. கடைசி ஏற்றத்தில் அவள் எனக்கு முன்னால் போய்விட்டாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சந்தோசத்தில் கூப்பிடக்கூட மறந்துவிட்டேன்.

பாறை விளிம்பில் பன்னிரண்டு மணி. கீழே ஏரி, அதன் நடுவில் நகத்தளவு ஒரு படகு, கரையில் அந்தப் பிறந்தநாள் கேக் ஊர். சிறுமிகளுக்கு ரோல்ஸ் கொடுத்தோம்; அவர்கள் எங்களுக்கு அப்பிள் தந்தார்கள். மங்கை மரங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இதையா அளக்கப் போறாள்?" என்று ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக் கையால் அளந்தாள். அதைப் படம் எடுத்தேன். என் கைபேசியில் இருக்கும் படங்களில் அதைவிட நல்ல படம் இல்லை. பாதை அதற்கு மேலும் உச்சிவரை ஏறிப்போனது; சிலர் எங்களைக் கடந்து போனார்கள். கிழவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்து உறங்கிப்போனார். நாய் காவலிருந்தது.

இரண்டரை மணிக்குத் தாயோடும் சிறுமிகளோடும் சேர்ந்து கீழே வந்துவிட்டோம். "வந்திட்டம்கா!" என்று மங்கை வாங்கில் விழுந்தாள். சிரித்தாள், அழுதாள், இரண்டும்தான். சிறுமிகள் தங்கள் கொப்புகளை ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு கையசைத்துப் போனார்கள். நாங்களும் எங்களுடையவற்றை எடுத்தோம்.

கிளையில் இன்னும் இரண்டு இருந்தன.

"ஒண்டு அந்தக் கிழவர்ர. மத்தது ஆருடைய?" என்றாள் மங்கை.

"ஆரோ எங்களுக்குப் பிறகு போயிருக்கினம். எங்கடையைப் பாத்து மாட்டியிருப்பினம். வாரும், மூன்று மணிக்குள்ளை வெளிக்கிட்டால்தான் வாகன நெரிசலிலை மாட்டாமல் போகலாம்."

அவள் எழும்பவில்லை. சுடுதண்ணிப் போத்தலைத் திறந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாங்கிக் குடித்தேன்.

மூன்றேகாலுக்குக் கிழவரும் நாயும் வந்தார்கள். எங்களைக் கண்டு ஆச்சரியப்பட்டார். தன் கொப்பை எடுத்து, தொப்பியில் செருகிக்கொண்டு போனார். இன்னும் ஒன்று.

நான்கு மணி. நாலரை. ஏரிப் பக்கத்தில் இருந்து குளிர் ஏறி வந்தது. காரில் இருந்த கம்பளியை எடுத்து வந்து இருவரும் போர்த்திக்கொண்டோம். கணவர் இரண்டு தரம் போன் எடுத்தார். "பேந்து கதைக்கிறன்," என்று வைத்துவிட்டேன். மங்கை பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு மறுநாள் அதிகாலை வேலை. ஆனாலும் போவோம் என்று சொல்ல மனம் வரவில்லை. எத்தனையோ வருடங்களுக்கு முன் யாரும் நிற்காத இடத்தில் அவள் நிற்கிறாள். பக்கத்தில் இருக்க எனக்கு ஒரு இடம் கிடைத்ததே பெரிய காரியம்.

ஐந்தரை மணிக்கு, மலையுச்சியில் மட்டும் வெயில் மிஞ்சியிருந்த நேரம், ஒரு பெண் ஓடிவந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். முதுகில் சிறிய பை, காதில் பாட்டு. மங்கை எழுந்து வழியில் நின்றாள்.

"அது உங்களுடையதா?" என்று பிரெஞ்சில் கேட்டுக் கிளையைக் காட்டினாள்.

"ஆமாம். ஐந்து இருந்தது. அழகாக இருந்தது, நானும் வைத்தேன். ஏன், வைக்கக் கூடாதா?"

"வைக்கலாம். நீங்கள் வருகிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்."

அந்தப் பெண் காதில் இருந்ததைக் கழற்றினாள். "இவ்வளவு நேரமுமா? எனக்காகவா?" என்று கேட்டாள். மங்கை தலையாட்டினாள். அந்தப் பெண் "மெர்சி" என்று நன்றி சொன்ன விதம், கடைக்காரரிடம் சொல்லும் மெர்சி போல இல்லை. கொப்பை எடுத்து, இலை உடையாமல் பைக்குள் வைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

கிளை வெறுமையாக இருந்தது. மங்கை அதை ஒருமுறை கையால் தடவினாள். "சரிகா, போவம்," என்றாள்.

சென்ற் அகாத் தாண்டும்போது இருட்டிவிட்டது. எதிர்பார்த்தபடியே நெரிசல். லாசாலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறு இருக்கிறது, பூங்கா இருக்கிறது. அழகுக்கு அங்கும் குறைவில்லை. அடுத்த ஞாயிறு அங்கே நடக்கும்போதும், எனக்கு முன்னால் போனவர்கள் திரும்பி வருகிறார்களா என்று பார்ப்பேன் என்று தோன்றியது. ஏரியையும் மலையையும் பார்க்கப் போன எனக்கு, அந்த மரவாங்கில் இருந்த மூன்று மணி நேரமும் உபரியாகக் கிடைத்தது. அதற்காகத்தான் இன்னும் நன்றியோடு இருக்கிறேன்.

மங்கை மகளுக்குப் போன் எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மனே, நான் காட்டுக்குள்ள போய் வந்திட்டன்."

"நிசமாவா அம்மா? நீங்களா? ஓ மை கோட்!"

"ஓம். நீயும் போ. போக முதல் வாசல்ல விழுந்து கிடக்கிற கொப்பு ஒண்டு எடுத்துத் தொங்க விடு. வந்த பிறகு அத எடுத்திட்டு எனக்கு போன் பண்ணு."

"சரி அம்மா. ஆனா அங்க ஆரு அதப் பாக்கப் போறாங்க? ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

"நீ உள்ள போ மனே. வாசல்ல நான் நிக்கிறன்."

எதிரே வந்த கார்களின் வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.