இருபத்திரண்டு ஜோடி

மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் உதிரி பாகங்களைச் சோதிக்கும் வேலை எனக்கு. கீறல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர். எண்ணிக்கை குறைந்தால் பெட்டியோடு திருப்பிவிடுவேன். இவ்வளவு கறாரான ஆளின் சொந்தச் சரக்கே சுமார்தான் என்று ஒருநாள் தெரிந்தது.

மனைவிக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இரண்டாவதைச் சோதித்ததில் ஒரு குரோமோசோம் கூடுதல். சொந்தக்காரர்கள் அவள் ஸ்கூட்டரையும் தின்ற பப்பாளியையும் குற்றம் சொன்னார்கள். தமிழ் பேசும் கொள்ளேகால்காரரான டாக்டரம்மா மட்டும் என் பக்கம் திரும்பினார். என் விந்தணுவில் டி.என்.ஏ. சேதம் அதிகம் என்று வந்தது.

“மேடம், மொத்த லாட்டும் ரிஜெக்ட்டா?”

“அப்படியில்லீங்க. டி.என்.ஏ. உடையறது வேற, குரோமோசோம் எண்ணிக்கை தப்பறது வேற. சில பேருக்கு ரெண்டும் சேர்ந்து வருது. இதனாலதான் அதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. மூணு மாசத்துல புது லாட் வந்துரும். சிகரெட்டையும் கொதிக்கிற வெந்நீர்க் குளியலையும் விடுங்க.”

மைசூர் மார்கழியில் பச்சைத் தண்ணீர்! தினமும் நான் போட்ட அலறலைப் பக்கத்து வீட்டுக்காரர் குடும்பச் சண்டை என்றே நினைத்திருந்தாராம்.

மூன்றாவது கரு கலையாமல் நின்றது. பனிக்குட நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நகம் தீர்ந்து விரலைக் கடிக்கத் தொடங்கிய நாளில், ரிப்போர்ட்டை வாங்க நான் தனியாகப் போனேன். உள்ளே குரோமோசோம்களின் படம், ஜோடி ஜோடியாக. மனிதருக்கு இருபத்துமூன்று ஜோடி என்பது அதற்குள் எனக்கு மனப்பாடம். பழக்கதோஷம், பேனாவை எடுத்து எண்ணினேன். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். இருபத்திரண்டேதான்.

லேப் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மனைவி நர்ஸ், டூட்டியில் இருந்தவளுக்குப் போன் போட்டேன்.

“ஒரு ஜோடி குறையுதும்மா…”

“கீழ என்ன எழுதியிருக்கு? அதப் படிங்க.”

“நார்மல்னு இருக்கு. ஆனா படத்துல…”

“அய்யோ ரீ! கடைசி ஜோடியக் காட்டினா ஆணா பொண்ணான்னு தெரிஞ்சிடும். சட்டப்படி மறைச்சிருக்காங்க. சும்னே என் உயிர வாங்கிட்டு!” தமிழும் கன்னடமுமாகத் திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். “அந்த நார்மல இன்னொரு தடவ படிங்க.”

நான்கு தடவை படித்தேன். படிக்கட்டில் இறங்கியவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

படத்தில் மறைத்து வைத்த அந்த ஆள் இப்போது என் மடியில். சட்டைப் பையிலிருந்து அதே பேனாவைப் பிடுங்கி, வாயில் வைத்துத் தரம் பார்த்துக்கொண்டிருக்கிறது.