காத்து அடங்கட்டும் அம்மணி

இன்று காலை தலைக்கு வைக்கலாமென்று தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை. உள்ளே வெள்ளையாக உறைந்து கிடந்தது. மார்கழி வந்ததை எனக்கு இந்தப் பாட்டில்தான் சொல்கிறது. காலம் மாறுவதை இப்படிச் சின்னச் சின்ன விஷயத்தில் கண்டுபிடிக்கிற பழக்கம் என் மனைவியிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அது பொழுதுபோக்காக வந்த பழக்கமில்லை. ஒரு வருஷம் முழுக்க ஒருவருக்காகக் காத்திருந்ததில் வந்தது.

சிறுநீரகம் கெட்டு அவள் தளர்ந்துபோன வருஷம் அது. காந்திபுரம் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவளுக்கு ஒரே ஆசைதான். வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பிறந்த வீட்டுத் தோட்டத்தில் ரெண்டு நாள் இருந்துவிட்டு வர வேண்டும். நான் கூட்டிப் போகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டாள். "கூப்புடாம நாமளாப் போயி நிக்கறதுங்களா? அண்ணன் வந்து கூட்டீட்டுப் போகோணுங்க" என்பாள். அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நின்றவள் அவள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் கூடப்பிறந்தவளை நிறுத்தி, இந்த வீட்டில் உனக்குள்ள உரிமை என்றைக்கும் போகாது என்று ஊரறியச் செய்கிற சீர் அது. மற்றவர்கள் மொய் வைத்துச் சாப்பிட்டு மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை.

வைகாசிக் கடைசியில் அண்ணனுக்குப் போன் போட்டாள்; எனக்கு அவர் மச்சான். "இந்த மேகாத்துல உன்ற ஒடம்புக்கு ஆகாது கண்ணு. காத்து அடங்கட்டும் அம்மணி, கார்ல வந்து கூட்டீட்டுப் போறேன். வாரேன்" என்றார். குரலில் அத்தனை பாசம். அன்றிலிருந்து அவள் காற்றைப் பார்க்கத் தொடங்கினாள். மேற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்றில், கிளிப் போட்டாலும் நிற்காமல் துணிகள் பக்கத்து மொட்டை மாடிக்குப் பறக்கும் காலம். ஆடி கழிந்து ஆவணியில் ஒருநாள் துணியெல்லாம் கொடியிலேயே சும்மா தொங்கியது. "ஏனுங்க, காத்து நின்னுபோச்சுங்க. அண்ணன் இந்த வாரத்துல வந்துருமுங்க" என்று, ரெண்டு சேலையை மடித்துப் பையில் வைத்தாள். "காத்தப் பாத்து வாரதுக்கு உங்கண்ணன் கார்ல வாராரா, கப்பல்ல வாராரா?" என்றேன். "உங்களுக்கு எப்பவும் எங்கூட்டு ஆளுகன்னா நக்கலுதான்" என்று சிரித்தாள்.

மச்சான் வரவில்லை. கேட்டதற்கு மழை விடட்டும் என்றார். தோட்டத்துத் தடம் சேறாகக் கிடக்கிறதாம். ஐப்பசியில் டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்த்தது. காலையில் தரையெல்லாம் சிறகு. கூட்டிக்கொண்டே, "இன்னும் மழை இருக்குதுங்க" என்றாள். அப்புறம் சமையலறைச் சுவரில் ஊறியிருந்த ஓதத்தைத் தினமும் தொட்டுப் பார்த்தாள். அது காய்ந்த அன்று போன் போட்டாள். "மார்கழி பொறக்கப் போகுது, தை வரட்டும் அம்மணி" என்றார். எண்ணெய்ப் பாட்டில் ஜன்னலுக்கு வந்தது அப்போதுதான். எழுந்ததும் அதைத்தான் பார்ப்பாள், சாமி படத்தைப் பார்ப்பதற்கும் முன்னால். பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டு வாசலில் காப்புக் கட்டப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் தெருவில் விற்க வந்தன. எண்ணெய் இளகியது. "பொங்கல் நோம்பி முடியட்டும்" என்றார் மச்சான். நோம்பியும் முடிந்தது. மாசியிலேயே, "வெயில் ஏறிப்போச்சு கண்ணு, தணியட்டும், வாரேன்" என்று சொல்லிவிட்டார்.

ஒருநாளும் அவர் முடியாது என்று சொன்னதில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. இல்லை என்கிற வார்த்தை வாயில் வராது. அதற்குப் பதில் ஒரு மாதத்தின் பேரைச் சொல்லிவிடுவார்கள். முகத்துக்கு நேரே ஒரு தடவை வைதிருந்தால் அவள் அழுது முடித்து என்னோடு பஸ் ஏறியிருப்பாள். சாலை வரப்போவதால் விலை ஏறிய பூமியில் தங்கச்சி பங்கு கேட்பாளோ என்று அவர் வீட்டில் பயந்ததாகப் பிறகு காதில் விழுந்தது. அவள் கேட்க நினைத்தது ஒரு பாய் விரிக்கிற இடம்.

பங்குனியில் எதிர்வீட்டு வேம்பு பூத்து, எங்கள் மாடிப்படியெல்லாம் உதிர்ந்தது. நான்தான் ஒரு கை அள்ளிக் கொண்டுபோய்க் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அண்ணன் பேச்சை எடுக்கவில்லை. அன்றைக்கு மாரியம்மன் கோயிலில் ஆத்தாளிடம் கேட்டேன்: காற்றையும் மழையையும் காலத்துக்கு அனுப்பத் தெரிந்த உனக்கு, ஒரு மனுஷனை அனுப்பத் தெரியாதா? இப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறேன். இப்போதும் அதைத்தான் கேட்கிறேன்.

சித்திரையில் அவள் போய்விட்டாள். தார் உருகுகிற வெயில். மத்தியானத்துக்குள் மச்சான் வந்துவிட்டார், மேலே போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு. அதில் குறை வைத்தால் ஊர் பேசும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இந்த வெயில்லயும் அண்ணங்காரரு எப்படி ஓடியாந்துட்டாரு பாருங்க. கூடப்பொறந்த பாசம்னா இதுதானுங்க" என்று கீழ்வீட்டு அம்மா என்னிடம் சொன்னார். கோடியை அவரே போர்த்தட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் காத்திருந்தது அவருக்காகத்தானே.

எல்லாம் முடிந்து, மச்சான் மாடிப்படியில் நின்று செருப்பை மாட்டினார். பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்து, "அப்ப மாப்ள, வா..." என்று வாயெடுத்தார். பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் அவர் தோளைத் தொட்டு, "எழவூட்ல அதச் சொல்லப்படாதுங்க" என்றார். மச்சான் வாயை மூடிக்கொண்டார். அந்த ஒருமுறைதான், வாரேன் என்று சொல்லாமல் இறங்கிப் போனார்.