மொட்டைமாடியில் உலர்த்திய பாஸ்தா

தேனிக் கடைகளில் இப்போது பாஸ்தா பொட்டலத்தில் கிடைக்கிறது. என் பேரன் ஆசையாகத் தின்பான். எனக்கோ அதைப் பார்த்தாலே, கன்னியர் மடத்து மொட்டைமாடியில் விரித்த வேட்டியின் மேல் நொறுங்கிக் கிடந்த மாவும், அதன் முன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த என் மதினியும் நினைவுக்கு வந்துவிடுவார்கள்.

எழுபதுகளில் ஒரு கோடை விடுமுறை. பெரியகுளத்தில் டீச்சராக இருந்த நான் ராயப்பன்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணன் இறந்து வருஷம் திரும்பியிருந்தது. விடுமுறை முடிவதற்குள் மதினியைத் தேவதானப்பட்டிக்கு, அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவதென்று அய்யா முடிவு செய்திருந்தார். "பேத்தி இங்கன இருக்கட்டும். அது நம்ம வீட்டுப் புள்ள" என்றார். பள்ளிக்கூடம் போகாத சின்னக் குழந்தை, தாயை விட்டு எப்படி இருக்கும்? நான் சண்டை போட்டேன். "விருந்துக்கு வந்தவ விருந்தாளியா இரு" என்று வாயை அடைத்துவிட்டார்.

அந்த விடுமுறையில் எங்கள் ஊர்க் கன்னியர் மடத்தில் ஓர் இத்தாலி சிஸ்டர் ஊர்ப் பெண்களுக்குத் தன் நாட்டுச் சமையல் சொல்லிக்கொடுத்தார். நான் கூடப் போனதால் அய்யா மதினியையும் விட்டார். மடத்து விடுதிக்குச் சமையலுக்கு ஆள் வேண்டும், காரம் தாங்காத வெளிநாட்டு சிஸ்டர்களுக்கும் சமைக்கத் தெரிய வேண்டும், பிள்ளையோடு அங்கேயே தங்கலாம் என்று அங்கே தெரிந்தது. அந்த வேலையைத் தனக்குத் தரும்படி மதினி கேட்டுவிட்டாள். வகுப்பின் கடைசி நாள் அவள் சமையலைச் சாப்பிட்டுப் பார்த்து மடத்துத் தலைவியான மதர் முடிவு சொல்வதாக ஏற்பாடு.

அன்று குழந்தையையும் கூட்டிப் போயிருந்தோம். மதினி மாவில் முட்டை உடைத்து ஊற்றிப் பிசைந்து, தேய்த்து, நாடா நாடாக நறுக்கினாள். கொஞ்சம் உலர வைக்கச் சொல்லிவிட்டு சிஸ்டர் ஜெபத்துக்குப் போனார். அடுப்படி நிழலில் சற்று நேரம் கிடந்தால் போதும். ஆனால் எங்கள் ஊரில் எதை உலர்த்துவதென்றாலும் மொட்டைமாடிதான். வடகம் போடுகிற மாதிரி வேட்டியில் பரப்பிவிட்டுத் தக்காளி நறுக்க இறங்கினோம். மே மாத வெயில் சும்மா விடுமா? திரும்பிப் போய்த் தொட்டபோது அத்தனையும் பொடிப்பொடியாக உடைந்தது.

"மதர் வந்து உக்காந்துட்டாக மதினி. காக்கா கெடுத்துருச்சுன்னு சொல்லிருவமா?"

"காக்காயா வெயில்ல பரப்புச்சு?" என்றவள் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். தூளைப் புடைத்துத் தள்ளினாள். மிஞ்சிய துண்டுகளைத் தக்காளியும் பூண்டும் கொதித்துக்கொண்டிருந்த சட்டியில் கொட்டினாள். சிஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

மதர் கரண்டியால் கிளறினார். "நாடா மாதிரி இருக்கும்னு சொன்னாங்களே?"

"வடகம் கணக்கா வெயில்ல போட்டுட்டேன் மதர். தப்பு எம்மேலதான்."

சிஸ்டர்தான் தன் அரைகுறைத் தமிழில், "எங்க வீட்டில் உடைஞ்சது இப்படித்தான். அம்மா சூப்பில் போடும்" என்றார். மதர் சிரிக்கவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எப்போ வேலைக்கு வர முடியும்?"

மதினி என்னைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய் உத்தரவு கேட்டால் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். முற்றத்தில் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டேன் மதர்" என்றாள்.

"துணிமணி?"

"இவ கொண்டாருவா."

அய்யாவிடம் சொல்ல நான் தனியாக வீட்டுக்கு நடந்தேன். பயமாகத்தான் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.