பசிலியா என்று பெயர் வைத்த நிரல்

என் தம்பி அனஸ்தாசியோவுக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்தவன் கிரிஸ்பின். அவனுடைய தாய்வழி ஆட்கள் எல்லாரும் ஆற்றில் படகு ஓட்டியவர்கள். எங்கள் வழியில் ஒருத்தரும் தண்ணீர்ப் பக்கம் போனதில்லை. இவன் இரண்டுக்கும் நடுவில் வந்து சேர்ந்தான். எங்கள் ஊர் பிலாரில் துறைமுகத் தெருவில் செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஆற்றுப் பக்கம்தான்.

ஆற்றுப் பக்கம் என்பது பராகுவாய் ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் சேர்ந்து இணையத்தில் நடத்துவது. ஒவ்வொரு துறையிலும் நட்டிருக்கிற அளவுக் கம்பத்தைக் காலையில் ஒருவர் பார்த்து எண்ணைப் போடுவார். தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பக்கம் காட்டும். யாருக்கும் சம்பளம் கிடையாது. அதை ஓட்டுகிற கம்ப்யூட்டர் நிரலையும் ஆளுக்குக் கொஞ்சமாக அவர்களே எழுதினார்கள். ஒரு ஊர்க்காரர் எழுதிய துண்டை இன்னொரு ஊர்க்காரர் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எடுப்பதற்கு, அப்படி ஒன்று இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டுமே.

எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது. என் அண்ணன் செத்தபோது கல்லறையில் எழுத அவனுடைய நிஜப் பெயரை விசாரித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். கிரிஸ்பின் நிரல் துண்டுகளுக்கும் அதே வழக்கத்தில் பெயர் வைத்தான். மழைக் கணக்குப் போடுவது 'ஓட்டைக் கூரை'. கோடு வரைந்து காட்டுவது அவனுடைய மச்சான் பெயர். ஒரு துறையிலிருந்து எண் வராத நாளில் 'இன்றைய அளவு தெரியாது' என்று காட்டுகிற துண்டுக்கு என் பெயர், பசிலியா. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஒரே ஆள் நம் குடும்பத்தில் அத்தைதான் என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர்கள் என்ன தெரியும்? ஏதாவது வேண்டுமென்றால் வாட்ஸப்பில் கிரிஸ்பினைக் கேட்பார்கள். அவன் உடனே எடுத்துக் கொடுப்பான். எங்கள் பக்கத்தில் தெரெரே என்கிற குளிர்ந்த இலைப் பானம் குடிக்கக் கூடி உட்கார்ந்தால் ஒருத்தன் கையில்தான் தண்ணீர்க் குடம் இருக்கும், அவன் ஊற்றிக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு வரும். குழுவில் அந்தக் குடம் இவன் கையில் இருந்தது.

"சாப்பிடுற நேரத்துலகூட ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் ஊத்திக் குடுக்கணும் இந்த மனுஷனுக்கு. மரவள்ளி ஆறிப்போறது மட்டும் கண்ணுல படாது" என்பாள் அவன் பெண்டாட்டி மிர்த்தா.

கொன்செப்சியோன் ஊரிலிருந்து சுனில்தா என்று ஒரு பெண் சேர்ந்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர். வந்த சில நாளிலேயே குழுவில் எழுதினாள்: "ஒவ்வொரு துண்டுக்கும் அது என்ன செய்யுதோ அதையே பேரா வைப்போம். கீழ ரெண்டு வரி விளக்கம் போடுவோம். எல்லாத்தையும் ஒரே பக்கத்துல வச்சா யார் வேணும்னாலும் தேடி எடுத்துக்கலாம்."

கிரிஸ்பின் பதில் போட்டான்: "எதுக்கு டீச்சரம்மா தேடணும்? என்னைக் கேளுங்க, நான் சொல்றேன். நான் என்ன செத்தா போயிட்டேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தன் ஊருக்கு வேண்டியதைத் தானே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

அவள் எழுதிப் போட்டதை கிரிஸ்பின் பார்த்தான். எண் வராத நாளில் அவளுடைய நிரல் முந்தின நாள் எண்ணையே திரும்பக் காட்டியது. அது தப்பு என்று பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. 'பசிலியா'வை எடுத்துக்கொள் என்று ஒரு வரி எழுதினால் போதும். அவளே வந்து கேட்கட்டும் என்று விட்டுவிட்டான்.

அடுத்த மழைக்காலத்தில் கொன்செப்சியோனில் கம்பம் பார்க்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். இரண்டு நாள் எண் வரவில்லை. இணையப் பக்கம் தண்ணீர் ஏறவில்லை என்றே காட்டிக்கொண்டிருந்தது. கரையோரம் லொரேத்தோ என்று ஒரு மீனவன், சுனில்தாவின் மாணவி ஒருத்திக்கு அப்பன், அதைப் பார்த்துவிட்டு வீட்டைக் காலி பண்ணாமல் இருந்தான். விடிவதற்குள் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். பன்றிகள் போயின. அவன் பெண்டாட்டியின் தையல் இயந்திரமும் போனது.

சுனில்தா குழுவில் எழுதினாள்: "தப்பு நான் எழுதின நிரல்லதான். அந்த வீட்டு ஆளுங்க முகத்தை என்னால பார்க்க முடியல. இந்த மாசத்தோட நான் விலகிக்கிறேன்."

ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிரிஸ்பின் மிர்த்தாவோடு என் வீட்டுக்கு வந்தான். முதல் கிண்ணம் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு நன்றி என்றான். தெரெரேயில் நன்றி சொன்னால் போதும், இனி ஊற்றாதே என்று அர்த்தம். முதல் கிண்ணத்திலேயே யார் சொல்வார்கள்?

"வயித்துக்கு என்னடா?" என்றேன்.

"வயிறு நல்லாத்தான் இருக்கு அத்தை."

மிர்த்தா விடவில்லை. "மூணு நாளா இப்படித்தான். குழுவுல மெசேஜ் வந்தா போனைக் கவுத்து வைக்கிறாரு. பொம்பளை சமாச்சாரமோன்னு பார்த்தேன். அந்த அளவுக்கு இவருக்குச் சாமர்த்தியம் இல்லையே."

அப்போதுதான் சொன்னான். அவள் எழுதியதைப் பார்த்தது, புரிந்தது, சும்மா இருந்தது எல்லாம். சொல்லும்போது கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ விலகிட்டா இது யாருக்கும் தெரியாது, அப்படித்தானே?" என்றாள் மிர்த்தா.

"ஆமா."

"அப்ப நிம்மதியா இருக்க வேண்டியதுதானே. ஏன் என் மரவள்ளியை மட்டும் அப்படியே திருப்பி அனுப்புறீங்க?"

அவன் எழுந்து போய் வாசல் மாமரத்தடியில் நின்றான். வெகுநேரம் போனில் எதையோ எழுதி அழித்து எழுதி அழித்துக்கொண்டிருந்தான். கடைசியில் உள்ளே வந்து படித்துக் காட்டினான்: "தப்பு டீச்சரோடது இல்ல. சரியான துண்டு நம்மகிட்ட முன்னாடியே இருந்தது. யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி அதுக்கு பசிலியான்னு எங்க அத்தை பேரை நான் வச்சிருந்தேன். அவங்க எழுதினதுல இருந்த குறையை அன்னைக்கே பார்த்தேன். என்னைக் கேட்கட்டும்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

படித்து முடித்துவிட்டு அனுப்பினான்.

மறுநாள் சுனில்தா பதில் போட்டாள்: "உங்க அத்தை பேரு பசிலியான்னு எனக்கு எப்படித் தெரியும்? மன்னிச்சுட்டேன்னு என்னால இப்பச் சொல்ல முடியாது. எல்லாத்துக்கும் பேர் மாத்துங்க. நான் வெளியாள் மாதிரி வந்து தேடிப் பார்ப்பேன். கிடைச்சா இருப்பேன்."

அந்த மழைக்காலம் முழுக்க அதே வேலை. ஒவ்வொரு துண்டுக்கும் அது செய்கிற வேலையைப் பெயராக வைத்தான். கடைக்கு வருகிறவர்களிடம், "ஆத்து அளவு வராத அன்னைக்கு என்ன செய்யணும்னு தேடுறதா இருந்தா, என்ன வார்த்தை போடுவீங்க?" என்று கேட்பான். படகுக்காரன் ஒன்று சொல்வான், ரொட்டிக்காரி ஒன்று சொல்வாள். ஸ்பானியத்திலும் குவரானியிலும் அவர்கள் சொன்னதையெல்லாம் விளக்கத்துக்குக் கீழே சேர்த்தான். சுனில்தா வந்து 'கம்பம் பார்க்கலை' என்று போட்டுத் தேடினாள். கிடைத்தது. இருந்துவிட்டாள். ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நடுவில் ஒருநாள் பஸ் ஏறி லொரேத்தோ வீட்டுக்குப் போய்ச் சேறு வாரிப் போட்டுவிட்டு வந்தான். தான் யார், எதற்கு வந்திருக்கிறான் என்பதை லொரேத்தோவிடம் சொல்லிவிட்டுத்தான் மண்வெட்டியைக் கேட்டானாம். லொரேத்தோ மண்வெட்டியைக் கொடுத்தான். தெரெரே கொடுக்கவில்லை.

இப்போது குழுவில் யாரும் அவனைக் கேட்பதில்லை. தேடுகிறார்கள், எடுத்துக்கொள்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் போன் சும்மா கிடக்கிறது. அது மிர்த்தாவுக்கே ஒரு மாதிரி இருக்கிறதாம்.

என் பெயர் வைத்திருந்த அந்தத் துண்டின் விளக்கத்தில் கடைசியாக ஒரு வரி வைத்திருக்கிறான்: முன்பு இதன் பெயர் பசிலியா, அதனால் தேவைப்பட்டவருக்குக் கிடைக்கவில்லை.

"என் பேரை எடுத்துடேன்டா. நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்றேன்.

"இருக்கட்டும் அத்தை" என்றான். "அதை எடுத்துட்டா நான் மறந்துடுவேன்."

காலையில் கடை திறந்ததும் முதலில் கொன்செப்சியோன் அளவைத்தான் பார்க்கிறான். அதன் பிறகுதான் ஷட்டரை முழுதாக மேலே தள்ளுகிறான்.