வேப்பிலை வாசலில் ஸ்டெல்லா

பக்கத்து வீட்டு வாசலில் கட்டிய வேப்பிலையின் வாசம், இன்று வணிக வளாகமாகிவிட்ட எங்கள் மில் குடியிருப்புக்கு என்னைக் கொண்டுபோனது. எனக்கு அம்மை கண்டு யாரும் எட்டிப்பார்க்காத நாட்களில், மாலைச் சங்கு ஊதும்போது தினமும் வந்து, வாசலில் உட்கார்ந்து என் நோட்டில் பாடம் எழுதித் தந்தவள் என் வகுப்புத் தோழி ஸ்டெல்லா.

“வேதத்துக்கு இழுக்கத்தான் வாரா, சூதானமா இரு கண்ணு” என்றாள் அம்மா. நானும் நோட்டுக்குள் துண்டுப் பிரசுரம் தேடினேன். மதம் மாத்தத்தான் வாரியா என்று அவளிடமே கேட்டும்விட்டேன்.

“நீ பாடுனா சர்ச்சே காலியாயிரும்” என்று சிரித்தாள் ஸ்டெல்லா. “இயேசு யாரையும் உடமாட்டாராம். நான் மட்டும் உன்னைய உட்டுப்போட்டுப் போறதா?”

அன்றும் நோட்டை உதறிப் பார்த்தேன்.

மறுநாள் அவளுக்கும் அம்மை. அம்மை இறங்கி எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் நான் அவள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

“போ. ஜெபம் பண்ணுனாங்கன்னா மட்டும் கண்ண மூடிப்போடாதே” என்றாள் அம்மா.

ஸ்டெல்லாவுக்காக மூடினேன்.