புருவத்தையுமா எடுப்பாக?

எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது இருபத்துமூன்று. சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் வேலை. கீமோவில் முடி கொட்டியதும், "கேட்டா கோயிலுக்கு மொட்டை போட்டேன்னு சொல்லு" என்றார் அம்மா. வார்டிலோ எல்லாரும் அம்மா, அப்பா வயதுக்காரர்கள். கல்யாணம், குழந்தை பற்றியெல்லாம் யாரிடம் கேட்பது?

ஒருநாள் சிகிச்சைக்காக மதுரை பஸ்ஸில் போனபோது, விருதுநகரில் ஏறிய ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் வயதுதான். துப்பட்டாவுக்குள் அவளும் மொட்டை!

"முடி எந்தக் கோயில்ல இறக்குனீக, அக்கா?" என்று அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"இருக்கன்குடியில. நீங்க?"

"நானும் அங்கனதான்." என் முகத்தையே பார்த்தவள் மெதுவாகக் கேட்டாள்: "அங்கன புருவத்தையுமா எடுப்பாக?"

புருவமும் உதிர்ந்ததை நான் மறந்தே போயிருந்தேன்! அவளை உற்றுப் பார்த்தேன். அவள் புருவம் பென்சிலால் வரைந்தது! நாங்கள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

முத்துச்செல்வி என்ற அவள்தான், எங்களைப் போன்ற இளவயதுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்தாள். மருத்துவமனையிலேயே ஓர் ஆலோசகர் இருப்பதையும் சொன்னாள். இத்தனை மாதமும் அந்த அறை வாசலைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறேன்! என் கேள்விகளையெல்லாம் அன்றே அங்கே கேட்டுவிட்டேன்.

இப்போது எனக்கு முடி வளர்ந்துவிட்டது. ஆனாலும் பஸ்ஸில் மொட்டைத் தலையோடு எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கு கேன்சர் வந்து மொட்டையா இருந்தேங்க" என்று நானே பேச்சைத் தொடங்கிவிடுகிறேன். பெரும்பாலும் நிஜமான கோயில் மொட்டைகள்; விபூதிதான் கிடைக்கிறது. போன வாரம் ஒருத்தி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரை விடவேயில்லை.

- ம. கவிதா, ஆமத்தூர்